பக்கம் தள்ளிவிட்டவள்

லிஃப்ட் மெக்கானிக் சீட்டு வித்தைப் புத்தகங்களைக் கிண்டிலில்தான் படிப்பார். இரண்டு கையிலும் சீட்டு இருப்பதால் பக்கம் தள்ளிவிடுவது மனைவியின் வேலை. பதினோரு வருடம் கூடவே படித்ததில் எல்லா ரகசியமும் அவளுக்கு அத்துப்படி. எந்த வித்தையைக் காட்டினாலும், "அடிச்சீட்டைத்தானே மேல கொண்டு வந்தீங்க?" என்று மானத்தை வாங்கிவிடுவாள். ஒரு தடவையாவது இவளை ஏமாற்றிவிட வேண்டும் என்பது அவருடைய தீராத ஆசை.

போன மாதம் அவள் இரண்டு முறை அடுப்பை அணைக்க மறந்தாள். வயசுதான் என்று விட்டுவிட்டார்.

இன்று காலை, அவள் நடுவில் செருகிய இஸ்பேட் ராணியைச் சீட்டுக்கட்டின் மேலிருந்து எடுத்துக் காட்டினார். முதல் புத்தகத்தின் முதல் வித்தை அது. அவள் அசந்துபோனாள்.

"எப்படிங்க பண்ணீங்க?"

விளையாடுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தார். கட்டைக் கீழே வைத்தார்.

"நீதானே பக்கம் தள்ளிவிட்ட?"

"நானா? எந்தப் புத்தகத்துக்கு?"