இரண்டு கையும் கும்பிட்டபோது

ஞாயிற்றுக்கிழமைகளில் நெத்தலிக் கருவாட்டுக்குத் தலை கிள்ளுவது சுதர்ஷினியின் வேலை. தேங்காய் துருவுவது அவள் புருஷன் விஜேந்திரனுடையது. தோட்டத்து லொறி ஓட்டுகிற மனுஷன். வாரம் முழுக்க ஸ்டியரிங் பிடித்த கையால் ஒரு நாள் தேங்காய் மூடியைப் பிடிப்பதில் அவருக்கு ஒரு குறைச்சலும் இல்லை. வழக்கமாக அந்த நேரத்தில் அடுப்படியில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். அன்றைக்கு ரேடியோ வாய் மூடிக் கிடந்தது. சுதர்ஷினி கிள்ளிக்கொண்டே இருந்தாள். பார்த்தால் தலையெல்லாம் சட்டியில், உடம்பெல்லாம் குப்பைத் தாளில்.

"பாத்துக் கிள்ளு" என்றார் விஜேந்திரன். "பூனைக்குச் சமைக்கிறியா, எனக்கா?"

அவள் சட்டியைக் கவிழ்த்துப் பொறுக்கத் தொடங்கினாள். "எப்ப வாறேன்னான்?"

"சாப்பாட்டுக்கு முந்தின்னான். சாப்பிட வரலன்னும் சொன்னான்."

வருகிறவன் அவளுடைய ஒரே தம்பி, சதீஸ்குமார். ஹாலிஎலயில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. திருவிழாக் காலம் வந்தால் கீபோர்டைத் தோளில் தூக்கிவிடுவான்; நாலைந்து பேரைச் சேர்த்து ஒரு மியூசிக் குரூப் வைத்திருக்கிறான். அம்மா போன பிறகு, பிறந்த வீடு என்று சுதர்ஷினிக்கு மிஞ்சியது அவன் ஒருத்தன்தான். ஞாயிறு மத்தியானம் அக்கா வீட்டில் சாப்பிடாமல் அவன் இருந்ததில்லை. போன ஞாயிறு வரவில்லை. இந்த ஞாயிறு வருகிறான், ஆனால் சாப்பிட அல்ல. அவள் வாயால் ஒரு பொய் வாங்கிக்கொண்டு போக வருகிறான். அதை அவன் போனிலேயே சொல்லிவிட்டான்.

விஷயம் முழுவதற்கும் காரணம் சுதர்ஷினியின் கச்சேரிப் பைத்தியம்தான்.

பதுளை பஜாரில் ஒரு புடவைக் கடையில் அவள் சேலை விரித்துக் காட்டுகிறவள். பசறையில் இருந்து ஹாலிஎல வரைக்கும் எந்தத் தோட்டத்துக் கோவிலில் இசை நிகழ்ச்சி என்றாலும் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். விஜேந்திரன் முன்னால் நடந்து டோர்ச் அடிக்க வேண்டும். போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவதோடு நின்றால் பரவாயில்லை. அவளிடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு தீர்ப்பு இருக்கும். போனைப் பார்த்துப் பாடுகிறவனை அவள் பாட்டுக்காரன் என்றே ஒப்புக்கொள்ள மாட்டாள். "தாலி கட்டப் போறவன் பொண்ணு பேரத் தாளைப் பாத்து வாசிச்ச மாதிரி" என்பாள். பாட்டுக்குப் பாட்டு மைக்கைப் பிடித்துப் பந்தல் போட்டவரில் இருந்து டீ ஊற்றியவர் வரை நன்றி சொல்கிற அறிவிப்பாளர்களை அவளுக்குக் கண்ணில் காட்டக்கூடாது. பாஸ் சத்தத்தை ஏற்றினால் பாட்டு ஏறிவிடும் என்று நினைக்கிற சவுண்ட்காரர்கள் நெஞ்சுக்குள் மா இடிக்கிறவர்கள். பதுளை மைதானத்துக்குச் சிங்களக் குரூப் வந்தால், வார்த்தை பாதி புரியாவிட்டாலும் போய் நிற்பாள். "அவங்க வாசிக்கிறாங்க. அந்த டிரம்காரன் சட்டையப் பாருங்க, பிழிஞ்சா ஒரு வாளி வரும். அது பொய்யா?"

பிடித்த பாட்டுகளிலும் அவள் கணக்கு வேறு. குத்துப்பாட்டு தொடங்கி மேடைக்கு முன்னால் பயல்கள் இறங்கிவிட்டால் அவளுக்குக் கச்சேரி முடிந்துவிட்டது. மெதுவாக நடக்கிற பாட்டுதான் வேண்டும். அதிலும் பாடுகிற இடத்தை விட, பாடுகிறவர் மூச்சு வாங்கும் நேரத்தில் வாத்தியங்கள் மட்டும் பேசிக்கொள்கிற இடம்தான் அவளுக்கு உயிர். 'புல்லாங்குழல் பாட்டு' என்று அவள் பெயர் வைத்திருந்த ஒரு பழைய பாட்டு உண்டு. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் குழல் மேலே ஏறி, எதையோ கேட்க வந்து கேட்காமல் நின்று, பிறகு இறங்கும். அந்த இடத்தை ஒழுங்காக வாசிக்கிறவன்தான் அவளைப் பொறுத்தவரை வாசிக்கத் தெரிந்தவன். சதீஸ் கீபோர்டில் குழல் சத்தத்தை வைத்துக்கொண்டு வருஷக்கணக்காக அந்த ஏற்றத்தில் ஏறிப் பார்க்கிறான். ஒவ்வொரு முறையும் எங்காவது வழுக்கும். இவள் பாயில் இருந்தபடியே முகத்தைச் சுளிப்பாள்.

ஆனால் கேட்டால் இவள் சொல்வது வேறு: "பிழை விட்டாலும் விடட்டும், நம்ம முன்னுக்கு வாசிக்கணும். பிழையில்லாத பாட்டு வேணும்னா வீட்டுலயே ரேடியோ இருக்கே."

கடையில் எதிர்ப்பக்கம் நிற்கிற ஸிஹாமாவும் இதே பைத்தியம்தான். அவளால் கோவில் திருவிழாக்களுக்கு இருட்டில் கிளம்பிப் போக முடியாது. ஆகவே சுதர்ஷினி பாயில் உட்கார்ந்தபடியே போனை முந்தானைக்குள் வைத்து, என்ன பாட்டு, யார் பாடியது, எங்கே சொதப்பியது என்று அவளுக்குக் குரலில் அனுப்பிவிடுவாள். அடுத்த நாள் டீ நேரத்தில் இரண்டு பேரும் அதை வைத்துக் கச்சேரியை மறுபடி நடத்துவார்கள். நாலு வருஷப் பழக்கம் அது. ஒரு தொல்லையும் வந்ததில்லை.

தோட்டத்து அம்மன் கோவில் திருவிழாவுக்கு இந்த வருஷம் சதீஸின் குரூப்தான். சாமிப் பாட்டு முடிந்த கையோடு புல்லாங்குழல் பாட்டைத் தொடங்கினார்கள். சுதர்ஷினி கண்ணை மூடிக்கொண்டாள். அந்த இடம் வந்தது. குழல் ஏறியது, நின்றது, வழுக்கவில்லை. பக்கத்தில் இருந்தவளிடம், என் தம்பி என்று சொல்லலாம் என்று கண்ணைத் திறந்தாள்.

மேடையில் கோவில் தலைவர் புவனேந்திரன் சதீஸுக்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார். பொன்னாடைக்காரர்கள் பாட்டு முடியட்டும் என்று காத்திருப்பதில்லை. அவர்கள் ஏறினதுதான் நேரம். சதீஸ் எழுந்து, குனிந்து, இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டபடி நின்றான். தலைக்கு மேலே ஸ்பீக்கரில் குழல் அழகாக இறங்கிக்கொண்டிருந்தது. தாளம் தானாக ஓடும். அது கீபோர்டுக்குள்ளேயே இருக்கிறது, அதை அவள் எப்போதோ மன்னித்துவிட்டாள். குழல் தானாக ஓடாது.

சனம் பொன்னாடைக்குக் கை தட்டியது. வேறு யாரும் கவனிக்கவில்லை. சுதர்ஷினி போனை எடுத்தாள். "ஏ புள்ள ஸிஹாமா, அவன் ரெண்டு கையும் கும்பிட்டுக்கிட்டு நிக்குது, கொழல் தன் பாட்டுக்குப் போகுது. என் தம்பி பேய் வச்சு வாசிக்கிறான் போல. எல்லாம் பென்டிரைவ் புள்ள, எல்லாம். கச்சேரின்னு சொல்லி நம்மள உக்கார வச்சு ரேடியோ போடுறானுங்க."

ஸிஹாமா அதைக் காலையில் வீட்டில் சத்தமாகப் போட்டுக் கேட்டுச் சிரித்தாள். அவள் நானா என்று கூப்பிடுகிற அண்ணன் மஹ்ரூப் விழாக்களுக்கு சவுண்ட் செட் வாடகைக்கு விடுகிறவர். அவரும் சிரித்தார். அதை எனக்கு அனுப்பு என்றார். ஸிஹாமா யோசிக்காமல் அனுப்பினாள். சவுண்ட்காரர்களின் போன் குரூப்புக்குப் போனது, அங்கிருந்து மேடைக்காரர்களுக்கு, அங்கிருந்து கோவில் கமிட்டிகளுக்கு. கடையில் ஸிஹாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டபோது, அது மடுல்சீமைக்கே போய்ச் சேர்ந்திருந்தது.

மடுல்சீமைத் திருவிழா சதீஸ் மூன்று வருஷம் கேட்டுக் கேட்டுக் கிடைத்த மேடை. சுத்துப்பட்டுத் தோட்டமெல்லாம் அங்கேதான் கூடும். அவர்கள் சதீஸிடம் மரியாதையாகத்தான் பேசினார்கள். 'எங்களுக்குக் கையால வாசிக்கிற ஆளுங்க வேணும் தம்பி. வேற யாராவது சொல்லியிருந்தா பொறாமைன்னு விட்டுருவோம். சொல்லியிருக்கிறது உங்க கூடப்பிறந்த அக்கா.'

பைக் சத்தம் கேட்டது. சதீஸ் அடுப்படிக்கு வரவில்லை. முன்னறையில், கதவோரக் கதிரையின் நுனியில் உட்கார்ந்தான். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டான். சுதர்ஷினி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"டீ போடவா?"

"வேணாக்கா. பொழுது சாயறதுக்குள்ள மடுல்சீமைக்குப் பதில் சொல்லணும். நீ இன்னொரு வொய்ஸ் போடு. தூரத்துல இருந்து பாத்தேன், சரியா வெளங்கல, அவன் வாசிச்சுக்கிட்டுதான் இருந்தான்னு. அவ்வளவுதான் கேக்கிறேன்."

"நான் முன் பாயிலதானேடா இருந்தேன்."

"அது மடுல்சீமைக்காரனுக்குத் தெரியுமா?"

விஜேந்திரன் அடுப்படி வாசலில் வந்து நின்றார். "ரெண்டு வரிதானே சுதா. சொல்லிரு. யாரு குடி முழுகப்போகுது?"

"நீங்க போய்த் தேங்காயத் துருவுங்க."

"தேங்கா முடிஞ்சிருச்சு."

"அப்ப இன்னொண்ண ஒடைங்க." அவள் தம்பியின் பக்கம் திரும்பினாள். "கண்ணால பாத்தத பாக்கலன்னு எப்பிடிடா சொல்றது? நாளைக்கு நான் ஒரு கச்சேரிய நல்லாருக்குன்னு சொன்னா ஸிஹாமா நம்புவாளா?"

"உனக்கு ஸிஹாமா நம்பணும். நான் தெருவுல நின்னாலும் பரவால்ல."

"அப்பிடிச் சொல்லல. பொய் சொல்லச் சொல்றியேன்னுதான்."

"நீ சொன்னது மட்டும் என்ன?" அவன் குரல் உயரவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. சின்ன வயசில் இருந்து கத்திக் கூப்பாடு போட்டுத்தான் அவன் அவளோடு சண்டை பிடிப்பான். "எல்லாம் பென்டிரைவ்னு சொன்ன. எல்லாமாக்கா? மத்தப் பாட்டுக்கெல்லாம் நான் என்ன செஞ்சேன், சும்மா தடவிக்கிட்டா இருந்தேன்?"

எல்லாம் இல்லை என்று சுதர்ஷினிக்குத் தெரியும். குரலை அனுப்பிவிட்டு மிச்சக் கச்சேரி முழுக்க அவன் விரல்களையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் ஓடின. ஆத்திரத்தில் வந்த 'எல்லாம்' அது.

"எத்தன பாட்டு?" என்று கேட்டாள்.

"அது ஒண்ணுதான்."

"அது மட்டும் ஏன்டா?"

சதீஸ் ஹெல்மெட்டின் கண்ணாடியை மேலே தள்ளினான், கீழே இறக்கினான். "வெலிமடையில அதே பாட்ட வாசிச்சேன். பண்டாரவளையில வாசிச்சேன். ஒண்ணும் ஆகல. இங்க வந்தா அந்த எடம் வாறப்ப எனக்கு வெரல் வெறச்சுப் போகுது. நீ முன்னுக்கு உக்காந்து, புளிச்ச மாங்கா தின்னவ மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு இருப்ப. இன்னொரு தடவ அதப் பாக்க என்னால ஏலாது. அதான் போட்டேன்." கண்ணாடி மறுபடி மேலே போனது. "நீ கண்ண மூடிக் கேட்டுக்கிட்டிருந்த. மேடையில இருந்து பாத்தேன். என்னத்துக்குப் பொய் சொல்ல, சந்தோஷமா இருந்துச்சு."

வெளியே யாரோ வாளியை இழுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார்கள். விஜேந்திரன் இல்லாத தேங்காய்ப்பூவைக் கையில் இருந்து தட்டினார்.

சுதர்ஷினி மேசையில் கிடந்த போனை எடுத்தாள். குரல் பதிவை அழுத்தினாள்.

"ஸிஹாமா, நான்தான். இத உங்க நானாகிட்டக் குடுத்து, அத அனுப்பின எல்லாருக்கும் அனுப்பச் சொல்லு. எல்லாம் பென்டிரைவ்னு நான் சொன்னது பிழை. ஒரே ஒரு பாட்டுதான். மத்ததெல்லாம் சதீஸ் கையாலதான் வாசிச்சான். எப்பிடித் தெரியும்னு கேட்டா, கொழல் பாட்டுக்கு அடுத்த பாட்டுல மேல போறப்ப ஒரு கட்ட தள்ளி அமுக்கிட்டான். அந்த ஜோடிப் பாட்டுல பாடுற புள்ளைக்கு முந்தி ஓடிப்போய், பொறகு அவ வாற வரைக்கும் நின்னுக்கிட்டு இருந்தான். கடைசிப் பாட்ட முடிக்கத் தெரியாம ரெண்டு சுத்துச் சுத்தினான். பென்டிரைவ் இப்பிடியெல்லாம் பிழை விடுமா? அவன் வாசிச்சான். நான் கேட்டேன்."

விஜேந்திரனுக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்தார். சுதர்ஷினி அனுப்புவதற்கு முன்னால் தம்பியைப் பார்த்தாள். அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது. பொய்யும் சொல்லவில்லை, தம்பியையும் விடவில்லை.

"அனுப்பாத" என்றான் சதீஸ்.

"ஏன்டா? இதுல ஒரு வார்த்த பொய்யில்ல. இதக் கேட்டா கையாலதான் வாசிக்கிறான்னு எவனும் நம்புவான்."

"நம்புவாங்க. வாசிக்கத் தெரியாதவன்னும் நம்புவாங்க."

அவன் எழுந்து வந்து போனை அவள் கையில் இருந்து மெதுவாக வாங்கினான். பறிக்கவில்லை. பேசினதை அழித்துவிட்டு, போனைத் திரும்ப மேசையில் வைத்தான்.

"நானே பேசிக்கிறேன். ஒரு பாட்டுக்கு ட்ராக் போட்டேன்னு சொல்லிர்றேன். கூப்பிட்டாக் கூப்பிடட்டும், இல்லன்னா விடட்டும்."

"இருடா, நான் வேற மாதிரி சொல்றேன். பிழையெல்லாம் விட்டுட்டு—"

"ஒண்ணு கேக்கவா அக்கா?"

அவள் நிறுத்தினாள்.

"எங்க தள்ளி அமுக்குனேன், எங்க ஓடினேன், எங்க சுத்தினேன், ஒண்ணு விடாம வச்சிருக்க. அவ்வளவு நேரம் வாசிச்சேன். அதுல நான் நல்லா வாசிச்ச எடம் ஒண்ணு சொல்லு."

சுதர்ஷினி யோசித்தாள். இருக்கத்தான் வேண்டும். பாட்டுப் பாட்டாக மனசில் திரும்பிப் போனாள். தள்ளி அமுக்கின கட்டை கேட்டது, முந்தி ஓடின தாளம் கேட்டது. அவற்றுக்கு நடுவில் அவன் பாட்டுக்கு வாசித்துக்கொண்டு போன இடங்கள் எத்தனையோ இருந்திருக்கும். அங்கெல்லாம் அவள் அடுத்த பிழைக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். ஏதாவது ஒரு பாட்டின் பேரைச் சொல்லிவிடலாம். எதைச் சொன்னாலும் அவன் ஏற்றுக்கொள்வான். நாலைந்து பாட்டு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஒன்றையும் அவளால் உண்மையாகச் சொல்ல முடியவில்லை.

"சோறு ஆகிருச்சு" என்றார் விஜேந்திரன். "ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ மச்சான்."

சதீஸ் அவர் பக்கம் திரும்பவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு ஹெல்மெட்டை வீட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு, தாடைப் பட்டியை இறுக்கி, வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வெளியே போனான்.