குழிகளை எண்ணும் போட்டி

பயிற்சி ஆசிரியர் மேசையில் வைத்த அந்தச் சாக்லேட் பெட்டியை நான் இன்றும் மறக்கவில்லை. பிராங்பேர்ட்டில் சித்தி வீட்டில் தங்கி, தினமும் ரயிலில் போய் நான் வரைபடத் தொழில்நுட்பம் படித்த காலம். அந்த ஆசிரியர் கோயம்புத்தூர்க்காரர், முனைவர் பட்ட ஆய்வுக்கு வந்தவர், எங்களுக்குச் செய்மதிப் படங்களை வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். கெட்டிக்காரர். தமிழில் பேச ஒருவர் கிடைத்தாரே என்று ஆரம்பத்தில் நான் மகிழ்ந்ததுகூட உண்டு.

அன்று திரையில் ஒரு கடற்கரை விரிந்தது. ஒடுங்கிய மணல்பரப்பு, நெருக்கியடித்த வெள்ளைக் கூடாரங்கள், இடையிடையே கரிய வட்டங்கள். இலங்கையின் வடக்கில், போரின் கடைசி மாதங்களில் எடுத்த படம். வட்டங்கள் எல்லாம் குண்டு விழுந்த குழிகள். அவற்றை முதலில் சரியாக எண்ணி முடிப்பவருக்குச் சாக்லேட் என்றார். வகுப்பு சிரித்தது. பிறகு எல்லோரும் அவசரம் அவசரமாகக் குழிகளைக் குறிக்கத் தொடங்கினார்கள்.

நான் எழுந்து அவரிடம் போனேன். "அண்ணை, என்ர சித்தி அங்கதான் இருந்தவ. அவவின்ர மகள் செத்ததும் அங்கதான். எனக்கு வேற படம் தாங்கோ."

"எமோஷனல் ஆகாதீங்கம்மா. நமக்கு இது வெறும் டேட்டா. இவ்வளவு க்ளியரான இமேஜ் வேற கிடைக்காது." பெட்டியைச் சுற்றியிருந்த நாடாவை அவிழ்த்துக்கொண்டே சொன்னார். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அந்தப் பாடத்தை அடுத்த வருடம் வேறொருவரிடம் படித்துத்தான் முடித்தேன்.

அன்று மாலை சித்தியிடம் சொன்னபோது அவர் கறிக்கு லீக்ஸ் தண்டு வெட்டிக்கொண்டிருந்தார்.

"படத்தில ஆக்கள் தெரியினமோ?"

"இல்லை சித்தி, கூடாரம் மட்டுந்தான்."

"அப்ப சரி" என்றுவிட்டு மறுபடி வெட்டத் தொடங்கினார்.

இப்போது நான் வெள்ள அபாய வரைபடங்கள் தயாரிக்கும் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். சென்ற இலையுதிர்காலத்தில் எங்கள் துறை மாநாடு ஒன்றில் அந்த ஆசிரியர்தான் முதன்மைப் பேச்சாளர். அதே கடற்கரை திரையில் வந்தது. தன் மாணவி ஒருத்தியின் குடும்பம் அங்கே இருந்ததாகவும், ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு மனிதர் இருப்பதை அன்றுதான் உணர்ந்ததாகவும் குரல் தழுதழுக்கச் சொன்னார். மண்டபம் நீண்ட நேரம் கைதட்டியது. நான் தட்டவில்லை.

தேநீர் இடைவேளையில் என்னைக் கண்டு சிரித்தபடி வந்தார். "நல்லா இருக்கீங்களா? உங்க ஸ்டோரி எல்லா ஊர்லயும் நல்லா கனெக்ட் ஆகுதும்மா."

"அவளின்ர பேர் உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"யாரோட பேரு?"

சித்தி மகளின் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அடுத்த ஊர்ப் பேச்சில் அந்தப் பெயரும் சேர்ந்துவிடும் என்று தோன்றியது. சொல்லாமல் திரும்பி நடந்தேன்.