சுவரில் வைத்த முகம்

மொரப்பூர் பக்கம் ஒரு கிராமத்தில், பெண் பிள்ளைகளைப் படிக்க வைக்கச் சொல்லி ஊர்ச் சுவரில் படம் வரைந்துகொண்டிருந்தேன். பத்தாவது படிக்கும் செல்வி தினமும் பள்ளி விட்டு வரும்போது நின்று பார்ப்பாள்.

"என்னையும் வரைவீங்களாண்ணா?" என்று ஒருநாள் கேட்டாள். படத்தில் புத்தகப்பையோடு சிரிக்கும் மாணவிக்கு அவள் முகத்தையே வைத்தேன். அவளுக்கு ஒரே சந்தோஷம்.

மூன்றாம் நாள் அவள் அம்மா அழுதுகொண்டே வந்தார்.

"வூட்டுல ஒரு வார்த்த கேட்டீங்களா? வயசுக்கு வந்த புள்ள மூஞ்சிய ரோட்டுல போட்டுட்டீங்க. கண்டவனும் போட்டோ எடுக்கறான். அவங்கப்பா இனி பள்ளிக்கூடமே வேணாம்னுட்டாருங்க."

உடனே அந்த முகத்தை அழித்தேன். அவர்கள் வீட்டுக்கே போய் அப்பாவிடம் கெஞ்சினேன்.

"நீங்க அழிச்சிட்டுப் போயிருவீங்க. நாங்க இந்த ஊர்லதானுங்களே இருக்கணும்?" என்றார் அவர்.

கதவோரம் நின்ற செல்வி என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்த மாதமே அவளைத் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

வேறொரு கற்பனை முகம் வைத்து முடித்த படம் மட்டும் நன்றாக வந்திருப்பதாக எல்லோரும் பாராட்டினார்கள்.

இப்போதெல்லாம் யார் முகத்தை வரைந்தாலும் வீட்டில் கேட்டுவிட்டுத்தான் தூரிகையை எடுக்கிறேன். அதனால் செல்விக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை.