திடப்படுத்தப்படாத பேராயர்

எங்கள் பேராயர் எந்தச் சபைக்குத் திடப்படுத்தல் ஆராதனைக்குப் போனாலும் முதலில் பார்ப்பது பீடத்தை அல்ல, கழிப்பறைத் தாழ்ப்பாளை. இரண்டு முறை போட்டுத் திறந்து பார்ப்பார். துருப்பிடித்திருந்தால் குருவானவரிடம் மதியம் வரை முகம் கொடுத்துப் பேசமாட்டார். சுத்தக்காரர் என்று பேர் வாங்கினார். நிஜக் காரணம், ஓய்வுபெற ஆறு நாள் இருக்கையில் சமையலறையில் வெளிவந்தது.

கோயிலைக் கூட்டி மணியடித்தவரின் இளைய மகன் அவர். பதினான்கு வயதில், அப்போதைய பேராயர் தலையில் கைவைத்து ஜெபித்துச் சபையின் முழு உறுப்பினராக்கும் அந்த ஆராதனையன்று, வயிறு கலங்கிக் கழிப்பறைக்கு ஓடினார். தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது. உள்ளே அவர் தட்ட, வெளியே பாடகர் குழு பாட, யார் காதில் விழும்? அவர் பெயரைக் கூப்பிட்டபோது, ஏற்கெனவே முடித்துத் திரும்பியிருந்த அண்ணன் மறுபடி போய் மண்டியிட்டான். அதே வெள்ளைச் சட்டை, அதே உயரம். அப்பாவின் பிரம்பிலிருந்து தம்பியைக் காப்பாற்றத்தான்.

திடப்படுத்தப்படாதவருக்குக் குருப்பட்டம் கிடையாது என்ற விதியை அவர் படித்ததே இறையியல் கல்லூரியில் சேர்ந்த பிறகு. சொல்வதை நாளை, நாளை என்று தள்ளினார். குருப்பட்டமும் வாங்கிவிட்டார். தகரக்கூரைக் கோயிலில் எட்டு வருடம். மழை பிடித்தால் பிரசங்கத்தை நிறுத்திப் பாடச் சொல்வார். ஆஸ்பத்திரிக் கட்டில்களோரம் ஆறு வருடம். பிறகும் சில சபைகள். பேராயராகிப் பன்னிரண்டு வருடம்: மாற்றல் கேட்கும் குருமார், மதில் தகராறு, தனிப்பாட்டு யாருக்கு என்ற சண்டை. நடுவே ஆயிரக்கணக்கான தலைகளில் கைவைத்தார். ஒவ்வொரு தலையிலும் அதே பயம்: நமக்கே கிடைக்காததை எப்படிக் கொடுக்கிறோம்? இத்தனை பேருடையதும் செல்லாமல் போனால்?

வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்ட மனைவி கத்தியைக் கீழே வைத்தார்.

"முப்பத்தஞ்சு வருஷமா திடமே இல்லாத ஆளோடயா குடித்தனம் பண்ணேன்?"

"சிரிக்காதே. வயித்தைக் கலக்குது."

"அன்னைக்கும் அதானே பிரச்சினை! போனை எடுங்க. பக்கத்துப் பேராயர் உங்க கூட்டாளிதானே?"

கல்லூரியில் ஒரே அறை. குறட்டையால் 'இன்ஜின்' என்று பேர் வாங்கியவர்.

"ஞானஸ்நானம் ஆச்சா?" என்றார் இன்ஜின், போனில் முழுக்கதையும் கேட்டுவிட்டு.

"ஆச்சு."

"அப்புறம் என்னடா? உன் பட்டம் செல்லும், நீ பண்ணதெல்லாம் செல்லும். விட்டுப்போன ஒரு ஒழுங்கு, அவ்வளவுதான். வர்றேன், முடிச்சுடலாம். இதுக்கா ராத்திரியெல்லாம் முழிச்சே? நான்தான் உன் தூக்கத்தைக் கெடுத்தேன்னு இத்தனை வருஷம் நினைச்சுக்கிட்டிருக்கேன்!"

இரண்டு நாள் கழித்து, காலையில், பேராயர் இல்லத்துச் சிற்றாலயம். அவரைக் கைபிடித்து முன்னே கொண்டு நிறுத்தியது அண்ணன். தையற்கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்திருந்தார்.

"உன்னோடதையும் நான்தான்டா இவ்வளவு நாளா வச்சிருந்தேன். அதான் எனக்குத் தைரியம் ஜாஸ்தி."

"சும்மா இருண்ணே, சிரிப்பு வருது."

மண்டியிட்டார். முழங்கால் சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது. ஜெபம் முடிந்து நிமிர்ந்தவர், "கை இவ்வளவு கனமா இருக்கும்னு தெரியாதே," என்றார்.

"உன்னோடது இதைவிடக் கனம்னு ஊரே சொல்லுது," என்று இன்ஜின் பதிவேட்டை நீட்டினார். "நீயே எழுது. கண்ணாடியைக் கார்ல விட்டுட்டேன்."

வயது: அறுபத்தைந்து. தொழில் என்ற கட்டத்தில் 'பேராயர்' என்று எழுதினார். பேனா தயங்கவில்லை.

எட்டிப் பார்த்த மனைவி, "இன்னும் நாலு நாளைக்குத்தானே," என்றார்.

"போதும்மா. நாலு நாளாவது பயமில்லாம இருந்துட்டுப் போறேன்."