ராஜமேரி குடிக்காத தண்ணீர்

என் மனைவி ராஜமேரிக்கு வலது முழங்கால் மூட்டை மாற்றிய சமயத்தில், ஓசூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் அருள்ராணி வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பினாள். வாக்கர், கமோடு சேர், ஐஸ் பை, ரப்பர் ஷீட், வழுக்காத மிதியடி, மாத்திரை டப்பா, படுத்தபடியே உறிஞ்சிக் குடிக்க ஒரு லிட்டர் பாட்டில். அதியமான்கோட்டைக்கும் தருமபுரிக்கும் மூன்று நடை நடந்து ஒன்று விடாமல் வாங்கினேன். பார்க்க வருகிறவர்களுக்கு மனைவியைக் காட்டுவதற்கு முன்னால் கமோடு சேரைத்தான் காட்டினேன். அவ்வளவு பெருமை எனக்கு.

பட்டியலில் இல்லாத ஒன்றை நானாகச் சேர்த்தேன். இருபத்தெட்டு வருஷம் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்தக் காலத்து விசில் பெட்டியில் கிடந்தது. கழுவி, கயிறு மாற்றி, அவள் தலைமாட்டில் தொங்கவிட்டேன்.

"ஒரு விசில் அடிச்சா நிறுத்து, ரெண்டு அடிச்சா ரைட்டு. உனக்கு ஒண்ணு போதும். எங்கிருந்தாலும் ஓடியாந்துடுவேன்."

"வூட்டுக்குள்ள பஸ் ஓட்டப் போறீங்களா?" என்று சிரித்தாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாப்பாரப்பட்டிப் பக்கம் மானாவாரி நிலம் வைத்திருந்த குடும்பம். பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் இருபத்து நான்கு வருஷம் சமைத்தாள். நூறு பிள்ளைகளுக்கு வடிக்கிற சோற்றுக் குண்டானைத் தூக்கித் தூக்கித்தான் மூட்டு போனது. ஆரம்பத்தில் பத்து வருஷம் போல அங்கே பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் திரும்பி வரும் வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாள். எனக்குத் தெரியும். தெரிந்து நான் என்ன கிழித்தேன்? "ஏன் இப்படி வந்ததும் சொம்போட குடிக்கிற?" என்று கேலி பேசியிருக்கிறேன்.

ஒரு வாரம் கூடவே இருந்துவிட்டு, லீவு முடிந்து அருள்ராணி ஓசூருக்குப் போனாள். மறுநாள் மதியம், என்னோடு வேலை பார்த்த அன்பு போனில் பேசிக்கொண்டிருந்தான். அரை மணி நேரத்தில் இரண்டு தரம் விசில் கேட்டு, இரண்டு தரமும் எழுந்து போய் ராஜமேரியைக் கமோடு சேரில் உட்கார வைத்துத் திரும்பியிருந்தேன். மூன்றாவது விசில் வந்தது. என் வாயிலிருந்து 'ச்சு' என்று ஒன்று வந்தது. வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. போனேன், தூக்கி உட்கார வைத்தேன், சுத்தம் செய்தேன், வந்தேன்.

பஸ்ஸில் சில்லறை கேட்டாலும், நிறுத்தம் தாண்டி இறங்கக் கேட்டாலும் நான் செய்ததுதான் அந்த 'ச்சு'. அது வந்ததே எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு காலையில் ஒரு விசில், சாயங்காலம் ஒரு விசில். அவ்வளவுதான். ஆளுக்கு நன்றாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். கோயிலிலிருந்து ஜெபம் சொல்ல வந்த சகாயராணியிடம், ராஜமேரி காதுபடவே, "ஒரு தொந்தரவும் கிடையாதும்மா, பச்சப் புள்ள மாதிரி படுத்திருக்கா" என்றேன். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் அது. நான் நோன்புக்காக ஆட்டுக்கறியை விட்டிருந்தேன். அதையும் சகாயராணியிடம் சொல்லிவிட்டேன்.

தினம் சாயங்காலம் மகள் வீடியோவில் கேட்பாள்: "அப்பா, அம்மா தண்ணி குடிச்சாங்களா? ரெண்டு லிட்டர் போகணும்னு டாக்டர் சொன்னாங்கல்ல."

நான் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டுவேன். "பாரு, காலி. ரெண்டாந்தரம் ஊத்துனதும் காலி." ராஜமேரி கேமராவுக்குச் சிரிப்பாள்.

மகள் போன ஒன்பதாம் நாள் குளிரும் காய்ச்சலும் வந்தது. வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். சிறுநீர்ப் பரிசோதனையைப் பார்த்த டாக்டரம்மா, "தண்ணி எவ்வளவு குடிக்கிறாங்க?" என்றார்.

"ரெண்டு லிட்டருங்க. நானே ஊத்தி வெக்கிறேன்."

"அரை லிட்டர்கூடப் போன மாதிரி தெரியலையே. அதான் சிறுநீர்ல கிருமி வந்திருக்கு. அது ரத்தத்துல ஏறிப் புது மூட்டுல போய் உக்காந்துச்சுன்னா, திரும்பப் பிரிக்க வேண்டியிருக்கும். மூணு நாள் ஊசி போட்டுப் பாக்கலாம்."

ராஜமேரி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

மாற்றுச் சேலை எடுக்க வீட்டுக்கு வந்தேன். கொடியில் காய்ந்ததை எடுக்கப் பின்பக்கம் போனவன், அவள் கட்டிலை ஒட்டிய ஜன்னலுக்கு நேர்கீழே நின்றுவிட்டேன். பங்குனி வெயிலில் கொல்லை முழுக்கக் கருகிக் கிடந்தது. அங்கே மட்டும் ஒரு முழ அகலத்துக்கு மண் கறுத்து, அருகம்புல் பச்சைப்பசேல் என்று துளிர்த்திருந்தது. ஜன்னல் கம்பியில் தண்ணீர் வழிந்த தடம் இருந்தது.

நான் தினமும் மகளுக்குத் தூக்கிக் காட்டிய காலிப் பாட்டிலின் தண்ணீர் அது. நான் கறியை விட்டதை ஊருக்கே சொன்னேன். தாகத்தை அடக்கிக் கிடந்தவள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஈரத்தில் உட்கார்ந்து, கண்டக்டர் சவரி, அறுபத்திரண்டு வயது, தேம்பித் தேம்பி அழுதேன்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி, "ஏன் மேரி?" என்றேன்.

"சத்துணவுல இருந்த பழக்கங்க. எனக்குத் தாகமே எடுக்கறதில்ல."

"பொய் சொல்லாத. ஜன்னலுக்குக் கீழ பாத்துட்டேன்."

"குடிச்சா உங்களக் கூப்புடணும். பாவம், போன் பேசிட்டிருப்பீங்க."

போன் என்றதும்தான் அன்றைய 'ச்சு' எனக்கு உறைத்தது. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். "தப்பு என்னுதுதான். நான் சலிச்சுக்கிட்டேன்" என்றேன். "அதெல்லாம் இல்லீங்க" என்று என் கையைத் தட்டிக் கொடுத்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்று நாள் ஊசியில் காய்ச்சல் இறங்கியது. மூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் பழையபடி தலைமாட்டில் விசிலைத் தொங்கவிட்டேன். டி.வி. போடவில்லை, போனை அணைத்துவிட்டேன். கூடத்தில் டீயை வைத்துக்கொண்டு காதைத் தீட்டி உட்கார்ந்திருந்தேன். விசில் வரவில்லை. பொறுக்காமல் உள்ளே போனேன். விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி படுத்திருந்தாள்.

"நீங்க டீ குடிச்சு முடிக்கட்டும்னு..."

அன்றைக்கே விசிலை அவிழ்த்து என் கழுத்தில் போட்டுக்கொண்டேன். இப்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் நானே அவள் வாசலில் போய் நின்று ஒரு விசில் அடிக்கிறேன். "நிறுத்தம் வந்தாச்சு, எறங்கறவங்க எறங்கலாம்!" அவள் சிரித்துக்கொண்டே வாக்கரைப் பிடிப்பாள்.

முதல் நாள் அப்படி அழைத்துப் போய் வந்து கட்டிலில் உட்கார வைத்துவிட்டு, பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர் கொடுத்தேன். நிறுத்தாமல் மடமடவென்று முழுவதையும் குடித்தாள். குடித்த பிறகு டம்ளரைக் கீழே வைக்காமல் என் வாயையே பார்த்தாள், 'ச்சு' வருகிறதா என்று.