சிவப்புத் துணி சுற்றிய மீன்தொட்டி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதை மறைத்து எழுத வராது. அதனால் மீன் கடையில் நான் போட்ட கூச்சலிலிருந்தே தொடங்குகிறேன். குழம்பு வைக்கிற மீன் இல்லை, தொட்டியில் வளர்க்கிற மீன் விற்கும் கடை.

"சாயம் பூசின மீன எங்க தலையில கட்டிட்டியளே அண்ணாச்சி, இது நியாயமா?"

என் ஒரு கையில் தண்ணீர் நிறைந்த பை. அதற்குள் எங்கள் வீட்டுத் தங்கமீன், பால் மாதிரி வெளுத்துப் போய். மறுகையில் என் மகள். அவளுக்குப் பதினொரு வயது.

அந்த மீனை அவளுடைய பத்தாவது பிறந்தநாளுக்கு வாங்கினோம். வாங்கும்போது வாலிலும் முதுகிலும் கறுப்பு இருந்தது. இரண்டு மூன்று மாதத்தில் கறுப்பு மெல்ல மறைந்து உடம்பு முழுக்கச் செம்பொன் நிறமாயிற்று. தூத்துக்குடி மில்லர்புரத்தில் எங்கள் தெருவே வந்து பார்த்து, "கலர் எப்படி ஏறியிருக்கு பாரேன்" என்று மெச்சியது. கறுப்பு போனதை ஒருவரும் வியாதி என்று சொல்லவில்லை. பிற்பாடு இதை நினைத்தபோது எனக்கு எரிச்சலாக வந்தது.

அந்த வருஷமே மகளின் முழங்கையில் கடுகளவு ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. அது புளியங்கொட்டை அளவானது. இமையோரத்தில் இன்னொன்று வந்தது. திருநெல்வேலியில் தோல் டாக்டரிடம் காட்டினோம். "வெண்புள்ளிதான். தொத்தாது, வலிக்காது, உயிருக்கு ஒண்ணும் இல்ல. மருந்து தாரேன், நிறம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். பிள்ளைய எதுலேயிருந்தும் நிப்பாட்டாதீங்க" என்றார். நான் நன்றாகத் தலையை ஆட்டினேன். ஊருக்கு வந்ததும் நேரே தையல்காரரிடம் போய், பள்ளிச் சீருடைக்கு மணிக்கட்டு வரை கை வைத்துத் தைக்கச் சொன்னேன். கோ-கோ அணியிலிருந்து அவளை எடுத்துவிடச் சொல்லிப் பள்ளிக்கும் கடிதம் கொடுத்தேன். அவள் மூச்சாக விளையாடிக்கொண்டிருந்த விளையாட்டு அது. மகள் ஏன் என்று கேட்டதற்கு, "வெயிலே படக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்" என்றேன். வாய் கூசாமல் சொன்ன பொய்.

என் கணவரின் அக்கா ஞாயிற்றுக்கிழமைதோறும் வருவார். பிள்ளையின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பார். "மீன் கொழம்பு தின்ன வாயோட தயிர ஊத்திக் குடுத்திருப்ப. அதான் இப்படி." இதை அவர் எத்தனை முறை சொன்னார் என்று எண்ணவே இல்லை. கடற்கரையில் பிறந்துவிட்டு மீனும் தயிரும் சேர்க்காமல் தின்றவர் யார்? அவர் சொல்வது உண்மையென்றால் தூத்துக்குடி முழுக்க அல்லவா வெளுத்திருக்க வேண்டும்! என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். அத்தனை பெரிய கன்டெய்னரைத் தூக்குகிற மனிதருக்கு அக்காவுக்கு எதிராக ஒரு வார்த்தையைத் தூக்க முடியவில்லை. "விடு" என்பார். அந்த ஒற்றைச் சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

அந்த நேரம் பார்த்து மீனும் வெளுக்கத் தொடங்கியது. முதலில் வயிறு, பிறகு செவுள் ஓரம். இதையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி வந்தது.

என் பிறந்த வீட்டார் ஒரு காலத்தில் முத்துக் குளித்தவர்கள். இன்று அதில் மிச்சமிருப்பது ஒரு ஜோடி முத்துக் கம்மல்தான். அதைச் சிவப்புத் துணியில் சுற்றி, டப்பாவில் போட்டு, பீரோவின் அடித்தட்டில் வைத்திருப்போம். கோயில் திருவிழாவுக்குக்கூட வெயில் தாழ்ந்த பிறகுதான் போடுவோம். வெயில் பட்டால் முத்தின் ஒளி போய்விடும் என்பதை எங்கள் வீட்டில் பாலோடு ஊட்டி வளர்த்தார்கள். அந்தப் புத்தி மீனிடமும் போனது. சன்னலோரம் இருந்த தொட்டியை உள்ளறைக்குத் தூக்கிக்கொண்டு போய், சுற்றிலும் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினேன்.

"அதுக்கு இருட்டா இருக்கும்லம்மா" என்றாள் மகள்.

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்று அதட்டினேன்.

மீன் இன்னும் வேகமாக வெளுத்தது. ஒரு ஞாயிறு அதைப் பார்த்துவிட்டு நாத்தனார் சொன்னார்: "ஏளா, வெளுத்த மீன வீட்டுல வச்சிக்கிட்டு இருந்தா பிள்ளைக்கு எங்கயிருந்து கலர் வரும்? அதக் குடுத்துட்டு நல்ல செவப்பா ஒண்ணு வாங்கிட்டு வா. இப்படியே இருந்தா நாளைக்கு இவள எவன் கட்டுவான்?"

மகள் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பேனா நின்றது. அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் மீனைப் பையில் பிடித்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினேன். யார்மேல் காட்ட வேண்டிய கோபத்தையோ கொண்டுபோய் அந்தக் கடைக்காரர் தலையில் கொட்டினேன்.

அவர் அசரவில்லை. பையை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

"சாயம் ஒண்ணும் இல்லம்மா. தங்கமீன் குஞ்சுல கருப்பாத்தான் இருக்கும். வளர வளர கருப்பு போயி தங்கம் வரும். சிலதுக்கு அதுவும் போயி வெள்ளையாயிரும். அது அததோட பொறப்பு. எங்கன வச்சிருக்கிய?"

"உள்ரூம்புல. துணி சுத்தி."

அவர் சிரித்தே விட்டார். "துணியில சுத்தி வைக்க அதென்ன முத்தா? மீனுக்கு வெளிச்சம் வேணும்மா. இருட்டுல போட்டா இருக்க கலரும்லா போவும்."

எனக்கு முகம் சுட்டது. "அப்ப இது சீக்கு இல்லியா?"

"சீக்குன்னா தீனி எடுக்காது, மூலையில ஒதுங்கிக் கெடக்கும். இது ஓடுத ஓட்டத்தப் பாருங்க. வேணும்னா மாத்திக்கிடுங்க, எனக்கென்ன? வெள்ளையும் விக்கத்தான் செய்யிது."

வலையை எடுத்து, நல்ல சிவப்பு மீன் ஒன்றைக் கோரி வேறொரு பையில் விட்டார். நான் கையை நீட்டினேன்.

"ஏம்மா அத மாத்துத?" என்றாள் மகள். கடையில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "அதுக்கும் முழுக்கைச் சட்டை ஒண்ணு தச்சுப் போட்டு விட்டுற வேண்டியதுதான?"

கடைக்காரர் அவளுடைய சட்டைக் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. முதலில் அவள்மேல்தான் வந்தது, கையைக்கூட ஓங்கிவிட்டேன். ஓங்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அந்தக் கோபம் வேறு போக்கிடம் இல்லாமல் என்மேலேயே வந்து நின்றது. சிவப்பு மீனை வேண்டாம் என்றேன். வெள்ளையையே தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

தொட்டியை மறுபடி சன்னலோரம் வைத்து, துணியை அவிழ்த்துப் போட்டேன். அவளிடம் உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. "வெயில் படக் கூடாதுன்னு டாக்டர் சொல்லல, ஏளா. நாந்தான் சொன்னேன்."

"தெரியும்" என்றாள். "நானும்தான அன்னைக்கு அவர் முன்னால உக்காந்திருந்தேன்."

இத்தனை மாதம் எல்லாம் தெரிந்துகொண்டே அந்தச் சட்டையைப் போட்டிருந்தாள்.

அப்போது நாத்தனாரின் போன் வந்தது. "மீன மாத்திட்டியா?"

"இல்ல மதினி. மீனையும் மாத்தல, பிள்ளையையும் மாத்துறதா இல்ல. இனிமே அவ கையப் பிடிச்சுத் திருப்பிப் பாக்கதா இருந்தா எங்க வாசல்ல ஏறாதிய."

கணவர் "விடு" என்று வாயெடுத்தார். "இன்னைக்கு விட மாட்டேன்" என்றேன்.

மீன் இன்றும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. சன்னல் வெளிச்சத்தில் அதற்குத் தங்கம் ஒன்றும் திரும்பி வரவில்லை. தீனி போட்டால் முந்திக்கொண்டு மேலே வருகிறது.

அன்று போனை வைத்த கையோடு, அவளை அணியில் திரும்பச் சேர்க்கச் சொல்லிப் பள்ளிக்கு இன்னொரு கடிதம் எழுதிவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தேன். அவளுடைய சீருடை மூன்றையும் எடுத்துப் போட்டு, சட்டைக் கைகளை முழங்கைக்கு மேலே வெட்டினேன். ஆத்திரத்தில் வெட்டியதால் ஒன்று மட்டும் கோணலாகப் போயிற்று. மறுநாள் கோ-கோ மைதானத்துக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு போனாள்.