கூண்டில் ஏறிய அம்மை

சாட்சிக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க மாட்டேன் என்பதில் எனக்கு ஒரு திமிர் உண்டு. நாகர்கோவில் கோர்ட்டு வராந்தாவில் காலையில் வந்து நின்று பாருங்கள், தூணுக்குத் தூண் டியூஷன் நடக்கும். எதிர் வக்கீல் இப்படிக் கேட்டால் நீ இப்படிச் சொல்லு என்று. நான் அந்தப் பக்கமே போவதில்லை. 'வந்துட்டா நீதி தேவதை' என்று சக வக்கீல்கள் கிண்டலடிப்பார்கள். போங்கடா என்று இருந்துவிடுவேன்.

செல்போன் எல்லார் கைக்கும் வந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் ஓர் அம்மா என்னிடம் வந்தாள். அவளுடைய மூத்த மகள் கல்யாணமாகி அதிக நாள் ஆகாமலே புருஷன் வீட்டில் தூக்கில் தொங்கியிருந்தாள். போட்ட நகை போதாது என்று அடி. ஒருமுறை முதுகெல்லாம் தடிப்போடு வந்தவளுக்கு எண்ணெய் தடவி, பொறுத்துப் போ மோளே என்று இவளே பஸ் ஏற்றிவிட்டிருக்கிறாள். வழக்கை நடத்துவது அரசு வக்கீல்தான். அம்மாவின் சார்பில் கூட நின்று உதவுவது என் வேலை.

வழக்கில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. மகள் செத்ததும் விசாரிக்க வந்த வருவாய்க் கோட்ட அதிகாரி ஆர்.டி.ஓ.விடம் இந்த அம்மா, "எனக்க மோளுக்கு அங்க ஒரு கொறையும் இல்ல சாறே, ராணி மாதிரி வச்சிருந்தாவ" என்று சொல்லிவிட்டாள். ஏன்? இளையவளுக்கு நிச்சயம் முடிந்திருந்தது. அக்காள் அடிபட்டுச் செத்தாள், இது கோர்ட்டுக் கேசுள்ள குடும்பம் என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விடுவார்கள். எங்கள் ஊரில் பெண்ணைப் பெற்றவர்கள் பிணத்துக்குப் பக்கத்தில் நின்றுகூட மானத்தைத்தான் காப்பாற்றுவார்கள். நாசமாய்ப் போன மானம்! இளையவள் கல்யாணம் முடிந்த கையோடு இந்த அம்மா போலீசுக்குப் போய் உள்ளதைச் சொன்னாள்.

சாட்சி சொல்லும் நாளன்று ஒரு சக வக்கீல் என்னைத் தனியே கூப்பிட்டார். "நான் அப்படிச் சொல்லவேயில்ல, ஆபீசரே தானா எழுதிக்கிட்டாருன்னு அந்த அம்மாவைச் சொல்லச் சொல்லுங்க. கேஸ் நிக்கும்."

மாட்டேன் என்றேன். அது அம்மாவின் காதில் விழுந்துவிட்டது. பக்கத்தில் வந்து, "நான் எப்பிடிச் சொல்லணும் மக்கா?" என்று கேட்டாள்.

"நடந்ததை நடந்தபடி சொல்லுங்கம்மா. அன்னைக்கு ஏன் மாத்திச் சொன்னீங்கன்னும் சொல்லுங்க. ஜட்ஜுக்குப் புரியும்."

சத்தியமாக நம்பித்தான் சொன்னேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் குரலைக்கூட உயர்த்தவில்லை.

"ஆர்.டி.ஓ.கிட்ட அப்படிச் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"அது பொய்யா?"

"பொய்தான் சாறே. எளையவளுக்க கல்யாணம் நின்னுபோவும்னு."

"அப்ப, குடும்பத்துக்கு வேணும்னா அதிகாரிகிட்டயே பொய் சொல்லுவீங்க. அப்படித்தானே?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, "ஆமா" என்றாள்.

அந்த ஒரு 'ஆமா' போதும் அவர்களுக்கு. இவள் நம்பத்தகுந்த சாட்சி இல்லை என்று தீர்ப்பு வந்தது. புருஷன்காரன் விடுதலை. கோர்ட்டு வாசலில் அவன் அம்மா அவனுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். உண்மை, நேர்மை என்று இத்தனை வருடம் எதைப் பிடித்துத் தொங்கினேன்? இன்றும் நான் சாட்சிக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. அதனால் யாருக்கு என்ன பிரயோசனம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

பஸ் ஸ்டாண்டு வரை அந்த அம்மாவோடு போனேன். அப்பீல் போகலாம் அம்மா என்றேன். அவள் தலையாட்டி மறுத்தாள். அவளுக்கு என்மேல் கோபமே இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"உயிரோட இருக்கவளுக்கு வேண்டி ஒரு பொய் சொன்னேன் மக்கா. செத்தவளுக்கு வேண்டி ஒண்ணு சொல்ல நீ விடல்லியே."